அப்பாவின் ரொட்டியும் மூன்று ஸ்பூன் சோடாவும்

வியாழக்கிழமை

அன்புள்ள மகளுக்கு, அம்மா எழுதுவது.

நீ அங்கே சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன். இங்கே அப்பா சுகம் என்று எழுதக் கை வரவில்லை, சுகமில்லை என்று எழுதினால் நீ பதறிக்கொண்டு போனை எடுப்பாய், அதனால் உள்ளதை உள்ளபடி எழுதுகிறேன். ஆஸ்பத்திரியிலிருந்து வந்து நான்கு நாளாகிறது, கால் வீக்கம் வடிந்துவிட்டது, இரண்டு தலையணை வைத்துப் படுத்தால் மூச்சு வாங்குவதில்லை, எடை ஐந்து கிலோ இறங்கியிருக்கிறது, அத்தனையும் தண்ணீர். நான் நன்றாக இருக்கிறேன். கோபமாகவும் இருக்கிறேன். இதைப் போனில் சொல்லாமல் ஏன் காகிதத்தில் எழுதுகிறேன் என்று கேட்பாய். போனில் நான் இரண்டு வார்த்தை சொல்வதற்குள் நீ பத்து வார்த்தை சொல்லிவிடுகிறாய், பிறகு அழுகிறாய், நீ அழுதால் நான் வைத்துவிடுகிறேன், இரண்டு வாரமாக இப்படித்தான் நடக்கிறது. தவிர அப்பா பக்கத்திலேயே இருக்கிறார், இரண்டு அறை வீட்டில் எங்கே போய்ப் பேசுவது. காகிதத்தில் நீ குறுக்கே பேச முடியாது. முழுதும் படி. படித்து முடிக்கிறவரை யாருக்கும் போன் செய்யாதே, முக்கியமாகப் பெரியப்பாவுக்கு.

முதலில் அந்த ஆஸ்பத்திரி வராந்தாவைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். அப்பாவை உள்ளே சேர்த்து ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. டாக்டரம்மா உன்னைவிட நாலைந்து வயது மூத்தவளாக இருப்பாள், ரிப்போர்ட்டைப் பார்த்துக்கொண்டே வீட்ல சமையல் யாரு என்று கேட்டாள். நான்தான் என்றேன். உப்பு எவ்வளவு போடுறீங்க என்றாள். போடுவதே இல்லை என்றேன். அப்போதுதான் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். எல்லாரும் இதையேதாம்மா சொல்றாங்க, இவர் உடம்புல அஞ்சு லிட்டர் தண்ணி நிக்குது, உப்பு போகாம எப்படி நிக்கும், நீங்களே சொல்லுங்க என்றாள். பக்கத்துக் கட்டிலுக்குத் துணையாக வந்திருந்தவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். நாற்பத்தெட்டு வயதில், கழுத்தில் ஆபீஸ் அடையாள அட்டை தொங்க, திருடி மாதிரி நின்றேன். அதைக்கூடப் பொறுத்துக்கொண்டேன், அவள் என்னை அறியாதவள். நீ அறிந்தவள். வராந்தாவிலிருந்தே உனக்குப் போன் செய்து நடந்ததைச் சொன்னேன். நான் ஆறுதல் தேடுகிற ஆள் இல்லை, அன்றைக்குத் தேடினேன். நீ என்ன சொன்னாய் என்று நினைவிருக்கிறதா? உனக்கு உப்பில்லாம எறங்காதுன்னா உனக்குத் தனியா செஞ்சுக்கோம்மா, அப்பாவ ஏன் பலி குடுக்குற என்றாய். சொன்னதோடு நிறுத்தினாயா, அன்று சாயங்காலமே பெரியப்பா கூப்பிட்டார், என்னம்மா இது, புள்ள அங்க உக்காந்து அழுவுது, கொஞ்ச நாளைக்கு நாக்கக் கட்டி வச்சா என்ன என்று எனக்கு உபதேசம். ரத்தக்கொதிப்புக்கு மாத்திரையை விழுங்கிவிட்டு அடுத்த கையால் சிப்ஸ் பாக்கெட்டைப் பிரிக்கிற மனிதர்!

எட்டு மாதமாக இந்த வீட்டில் உப்பு ஜாடியே கிடையாது. அப்பாவின் இதயம் பாதி வலுவில்தான் வேலை செய்கிறது என்று சொன்ன அன்றைக்கே அதைக் கழுவிக் கவிழ்த்துவிட்டேன். அவருக்கு ஒரு சமையல், எனக்கு ஒரு சமையல் என்று வைத்தால் என்றைக்காவது தட்டு மாறும் என்று நானும் உப்பில்லாமல்தான் சாப்பிடுகிறேன். பெருமைக்காக இதையெல்லாம் சொல்லவில்லை. நீ சொன்னது எவ்வளவு பெரிய பொய் என்று உனக்குத் தெரியவேண்டும். என் வேலை என்ன என்பதும் உனக்கு மறந்துவிட்டது போலிருக்கிறது. ஊருக்கு வருகிற குடிதண்ணீரில் எத்தனை மில்லிகிராம் சோடியம் என்று அளந்து எழுதிக் கையெழுத்துப் போடுகிறவள் நான், இருபத்திரண்டு வருடமாக. அப்பாவைச் சேர்த்த மறுநாள் வீட்டில் மிஞ்சியிருந்த பருப்பு, காய்கறி, சோறு, நாங்கள் குடிக்கிற தண்ணீர் எல்லாவற்றையும் சின்னச் சின்ன பாட்டிலில் போட்டு ஆய்வகத்துக்கு எடுத்துப்போனேன். மேலதிகாரியிடம் அனுமதி கேட்டேன், என்ன மேடம், சொந்த வீட்டு மேலேயே கேஸ் போடுறீங்களா என்று சிரித்தார். போடுகிறேன் சார் என்றேன். எல்லாவற்றையும் உலையில் வைத்துச் சாம்பலாக்கி, அமிலத்தில் கரைத்து, வடிகட்டி, சுடரில் தெளித்து அளந்தேன். ஒரு பாவமும் இல்லை, எல்லாவற்றிலும் சோடியம் சொற்பம். அந்தத் தாளை டாக்டரம்மாவின் மேசைமேல் வைத்தேன். அவள் படித்துப் பார்த்துவிட்டு, முகம் கொஞ்சம் மாறி, அப்ப வேற ஏதோ ஒண்ணு உள்ள போகுதும்மா, வெளியில வாங்கிச் சாப்பிடுறாரா என்றாள். மூன்றாம் மாடியிலிருந்து இறங்க முடியாத மனுஷர் எங்கே போய் வாங்குவார். ஊரிலிருக்கிற லிப்டையெல்லாம் பழுது பார்த்தவர் குடியிருக்கிற கட்டிடத்தில் லிப்ட் இல்லை என்று நீயே கேலி செய்வாய்.

அளக்காமல் விட்டது ஒன்றே ஒன்று. நீ சொல்லிக்கொடுத்த ரொட்டி. அதில் உப்பு இல்லை என்று வீட்டில் எல்லாருக்கும் தெரியும், அதை எதற்கு அளப்பது. அது என் சமையலும் இல்லை, உனக்கும் அவருக்கும் நடுவிலான சமாச்சாரம். பிசைய வேணாம்ப்பா, ஈஸ்ட் வேணாம், ஊற வைக்க வேணாம், மாவு, தயிர், சோடா, ஒரு கரண்டியால பத்துக் கலக்கு, அவ்வளவுதான், நாப்பது நிமிஷத்துல ரொட்டி என்று நீ சொன்னபோது நானும் கேட்டுக்கொண்டுதான் இருந்தேன். ஓவனை வாங்கி அனுப்பினாய். வேலை போனதிலிருந்து ஜன்னலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவர் காலை ஆறு மணிக்கு எழுந்து, போனைச் சர்க்கரை டப்பாவில் சாய்த்து வைத்து, உன்னோடு பேசிக்கொண்டே மாவு கலக்க ஆரம்பித்தார். நான் வேலைக்குக் கிளம்பிக்கொண்டே நீங்கள் இரண்டு பேரும் சிரிப்பதைக் கேட்பேன். நான் உள்ளே வந்தால் சிரிப்பு நின்றுவிடும், இந்தா அம்மா வந்துட்டா, பேசு என்று போனைத் திருப்புவார், நீ சாப்பிட்டியா என்பாய், சாப்பிட்டேன் என்பேன். முடிந்தது நம் பேச்சு.

அவர் ஆஸ்பத்திரியில் இருந்த மூன்றாம் நாள் கீழ்வீட்டு டெய்லர் அக்கா தட்டை மூடிக்கொண்டு வந்தாள். அண்ணன் குடுத்த ரொட்டி பாதி மிச்சம் இருக்குங்க, சும்மா சொல்லக்கூடாது, உப்பே போடாம எப்படித்தான் இப்படி உப்புக் கரிக்குதோ, அண்ணனுக்குக் கைராசி என்றாள். அந்தத் தட்டை வாங்கிக்கொண்டேன். தட்டோடு ஆய்வகத்துக்குப் பஸ் ஏறினேன். ஒரு துண்டைச் சாம்பலாக்கிக் கரைத்துக் கருவியில் விட்டேன். சோடியம் பட்டால் சுடர் மஞ்சளாகும், நீலமாக எரிகிற சுடர் பளீரென்று மஞ்சளாக எழுந்தது, எண் அளவுகோலைத் தாண்டி நின்றது. பத்து மடங்கு தண்ணீர் கலந்தேன், அப்போதும் தாண்டியது. நூறு மடங்கு கலந்த பிறகுதான் படிக்கவே முடிந்தது. சமையல் சோடா என்பது சோடியம் பைகார்பனேட், சோடியம் என்பது அதன் பெயரிலேயே இருக்கிறது. தலைதட்டிய ஒரு ஸ்பூனில் ஆயிரத்து முந்நூறு மில்லிகிராம் சோடியம். அப்பாவுக்கு ஒரு நாள் முழுவதற்கும் டாக்டர் அனுமதித்தது ஆயிரத்து ஐந்நூறு. அவருடைய உடம்புக்கு அது உப்பு டப்பாவிலிருந்து வந்ததா சோடா டப்பாவிலிருந்து வந்ததா என்று தெரியாது, தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும், அவ்வளவுதான்.

வீட்டுக்கு வந்து ஓவனுக்குப் பின்னால் இருந்த அவருடைய நோட்டை எடுத்தேன். நீ அதைப் பார்த்திருக்க மாட்டாய். லிப்ட் கம்பெனியில் எழுதிய பழக்கம், ரொட்டிக்கும் அப்படியே எழுதியிருக்கிறார். தேதி, பழுது, செய்தது, முடிவு. பழுது: நடுவில் பச்சையாக இருக்கிறது. செய்தது: மகளிடம் கேட்டு சோடா இரண்டு ஸ்பூன் ஆக்கியது. முடிவு: சரி. அடுத்த வாரம், பழுது: ருசி இல்லை, சப்பென்று இருக்கிறது. செய்தது: மகளிடம் கேட்டது, உப்பில்லாததால் சோடா கூட்டினால் ருசி வரும் என்றாள், மூன்று ஸ்பூன், குவித்து. முடிவு: மிக நன்று, உப்பு நினைவே வரவில்லை. அன்றிலிருந்து ஒன்றரை மாதம் ஒரே எழுத்து, மூன்று ஸ்பூன், மிக நன்று, மூன்று ஸ்பூன், மிக நன்று. ஒரு நாளைக்கு ஒரு ரொட்டியில் முக்கால்வாசி அவர்தான் சாப்பிட்டார். நீயே பெருக்கிப் பார்த்துக்கொள், கட்டிட வேலைக்குக் கணக்குப் போடுகிறவள்தானே. நான் அவரைப் பலி கொடுக்கிறேன் என்று நீ சொன்ன அந்த நேரத்தில், அவர் காலை வீங்க வைத்தது உன் வாயிலிருந்து வந்த சொல். தெரிந்தா செய்தாய் என்று கேட்கவில்லை. தெரியாது என்று எனக்குத் தெரியும். ஆனால் தெரியாதவள் அவ்வளவு தீர்மானமாக என்னைக் குற்றம் சொன்னாயே, அதைத்தான் என்னால் விழுங்க முடியவில்லை.

என்னையும் எழுதிவிடுகிறேன், இல்லாவிட்டால் இந்தக் கடிதம் பாதிப் பொய்யாகிவிடும். நானும் அந்த ரொட்டியைச் சாப்பிட்டேன். ஒரு மாதத்துக்கு முன்னால் ஒரு துண்டு வாயில் வைத்துவிட்டு, சோப்பு மாதிரி இருக்கு, சோடா அதிகம் என்று அவரிடம் சொன்னேன். சொல்லிவிட்டுக் கைப்பையை எடுத்துக்கொண்டு வேலைக்குப் போய், அன்று முழுதும் பதினேழு பகுதித் தண்ணீரில் சோடியம் அளந்தேன். சோடா அதிகம் என்று நாக்குக்குத் தெரிந்தது, சோடா என்றால் என்ன என்று ஐந்து வருடம் பல்கலைக்கழகத்தில் படித்த மூளைக்கு உறைக்கவில்லை. உன் ரொட்டியைக் குறை சொல்வதில் எனக்கு ஒரு சின்ன சந்தோஷம் இருந்தது என்று நினைக்கிறேன், அதோடு நின்றுவிட்டேன். இதற்காக என்மேல் எனக்கு இருக்கிற கோபத்தை நான் பார்த்துக்கொள்கிறேன், அது உன் பாடில்லை.

இப்போது சங்கடம் என்னவென்றால், அவர் மறுபடியும் ரொட்டி போடப் போகிறேன் என்கிறார். வந்த மறுநாளே ஓவனைத் துடைத்து வைத்துவிட்டார். சோடா டப்பாவை நான் அலுவலகத்துக்கே கொண்டுபோய் என் அலமாரியில் பூட்டி வைத்திருக்கிறேன். காரணத்தைச் சொன்னேன், ஒரு தடவை இல்லை, இரண்டு தடவை சொன்னேன், அளந்து வந்த எண்ணையும் காட்டினேன். அவர் சிரிக்கிறார். உனக்கு எதத்தான் நம்பத் தெரியும், கல்யாணத்தன்னைக்கே போட்டோகிராபர்கிட்ட கேமராவுல பிலிம் இருக்கான்னு கேட்டவதானே நீ என்கிறார். உப்பே இல்லாத ரொட்டியில உப்பக் கண்டுபுடிச்சிருக்கா பாரு என்று டெய்லர் அக்காவிடம் சொல்லிச் சிரிக்கிறார். மகளுக்குத் தெரியாமலா சொல்லியிருப்பா என்கிறார், அதற்கு மேல் வாதம் இல்லை. முதல் நாளிலிருந்து அந்த ரொட்டியை நான் நையாண்டி செய்துகொண்டே இருந்ததால், இப்போது உண்மையைச் சொன்னாலும் அதுவும் நையாண்டியாகத்தான் அவர் காதில் விழுகிறது. நேற்று டெய்லர் அக்காவைக் கூப்பிட்டு ரகசியமாக ஒரு டப்பா சோடா வாங்கி வரச் சொல்லியிருக்கிறார், அவள் நேரே என்னிடம் வந்து, அண்ணன் சொன்னார்னு சொல்லாதீங்க, வாங்கவா வேணாமா என்று கேட்டாள். நேற்றுக் கேட்டாள், நாளைக்கும் கேட்பாள், பத்தாவது நாள் வாங்கிக் கொடுத்துவிடுவாள், பாவம், அவளுக்கும் அவர் ரொட்டி பிடிக்கும். டாக்டரம்மா தெளிவாகச் சொல்லிவிட்டாள், இன்னொரு தடவை இப்படித் தண்ணி சேந்து வந்தா என்னால உறுதி குடுக்க முடியாது என்று. அதை அவரிடம் நான் சொல்லவில்லை. உனக்குச் சொல்கிறேன்.

அவர் ரொட்டி போடுவதை நிறுத்த வேண்டும் என்று நான் கேட்கவில்லை. நோட்டை எடுத்த அன்று கேட்கலாம் என்றுதான் முதலில் இருந்தேன். ஓவனை மூட்டை கட்டி உனக்கே திருப்பி அனுப்பிவிடலாம் என்றுகூட நினைத்தேன், கயிறு தேடினேன். பிறகு அந்த நோட்டின் கடைசிப் பக்கத்தைப் பார்த்தேன், ஆஸ்பத்திரிக்குப் போன அன்று காலையில் எழுதியது. பழுது: எனக்கு மூச்சு வாங்குகிறது. செய்தது: உட்கார்ந்தபடி கலக்கியது. முடிவு: மிக நன்று. இந்த மனுஷரிடமிருந்து ஓவனைப் பிடுங்கினால் மறுபடி ஜன்னலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவார், அது எனக்கு வேண்டாம். அதனால் அவர் ஆஸ்பத்திரியில் இருந்தபோதே வேறு வழி இருக்கிறதா என்று பார்த்தேன். காலையில் கலந்து வைத்துவிட்டு வேலைக்குப் போவேன், சாயங்காலம் ஆஸ்பத்திரி போகுமுன் வந்து சுடுவேன். இதிலும் பிசைகிற வேலை இல்லை, சோடாவும் இல்லை. மூன்று கப் மாவு, ஒன்றரைக் கப்புக்குக் கொஞ்சம் குறைவாகத் தண்ணீர், ஈஸ்ட் கால் ஸ்பூனுக்கும் கீழே. உப்பில்லாத மாவில் ஈஸ்டுக்குக் கடிவாளம் கிடையாது, முதல் நாள் நான் நிறையப் போட்டு, சாயங்காலம் வந்து பார்த்தால் பொங்கி மேசையெல்லாம் வழிந்து, சுட்டபோது தட்டையாக உட்கார்ந்துவிட்டது, செருப்புக்கு அடியில் வைத்துத் தைக்கலாம். இரண்டாம் நாள் ஈஸ்டைக் குறைத்து, தண்ணீரையும் குறைத்து, மதியமே வீட்டுக்கு வந்து ஏழு மணி நேரத்தில் எடுத்தேன், எழுந்து நின்றது. மூடி போட்ட இரும்புச் சட்டியை ஓவனில் நன்றாகக் காயவைத்து அதற்குள் மாவைப் போட்டு மூடி அரை மணி, மூடியைத் திறந்து கால் மணி. ருசிக்கு வெங்காயத்தைப் பொன்னிறமாக வதக்கிப் போட்டேன், பொடித்த மிளகு, வறுத்த எள். ஒரு துண்டை அளந்தும் பார்த்துவிட்டேன், சுடர் நீலமாகவே இருந்தது. ருசி சுமார்தான். அவர் கை பட்டால் சரியாகும், பழுது பார்க்கத் தெரிந்தவர்.

இனி நீ செய்ய வேண்டியது. இந்தக் கடிதம் அடுத்த வெள்ளிக்குள் உன் கைக்கு வந்துவிடும் என்று கூரியர்காரர் சொல்கிறார், அதனால் இந்த ஞாயிறு இல்லை, அடுத்த ஞாயிறு, எங்கள் நேரம் காலை பத்து மணிக்கு அப்பாவுக்குப் போன் செய். முதலில் உண்மையைச் சொல். சோடாவில் என்ன இருக்கிறது, நீ சொன்ன மூன்று ஸ்பூன் என்ன செய்தது என்று சுற்றி வளைக்காமல், அழாமல், உன் வாயாலேயே சொல். நான் சொன்னால் நம்பாதவர் நீ சொன்னால் நம்புவார், இந்த வீட்டின் நிலைமை அதுதான், அதில் எனக்கு இருக்கிற வருத்தத்தை இன்னொரு நாள் பேசலாம். அவர் உடனே உன்னைத் தேற்ற ஆரம்பிப்பார், பரவால்லம்மா, எனக்கு ஒண்ணுமில்ல என்பார். தேற்றவிடாதே. டாக்டரம்மா சொன்னதையும் சொல்லிவிடு. அதற்கப்புறம் இந்தப் புது ரொட்டியைச் சொல்லிக்கொடு, நீயே பழகியது என்று சொல், என் பெயரை எடுத்தால் மூடியைத் திறந்து பார்க்குமுன்பே குறை கண்டுபிடிப்பார். இந்த வரிசையில் சொல், மாற்றிச் சொல்லாதே, முதலில் ரொட்டியைச் சொன்னால் உண்மைக்கு நீ வந்து சேரவே மாட்டாய், உன்னை நான் அறிவேன். அப்ப உங்க அம்மாவுக்குத் தெரியாமப் போச்சா, அவ படிச்ச படிப்பு என்ன என்று கேட்பார். தெரிந்திருக்க வேண்டியது, கவனிக்கவில்லை என்று அவளே எழுதியிருக்கிறாள் என்று சொல். மறைக்காதே. பெரியப்பாவுக்கும் ஒரு போன் போடு, அம்மா உப்பு போடவில்லை, நான் தப்பாகச் சொல்லிவிட்டேன் என்று இரண்டே வாக்கியம். என்னிடம் மன்னிப்புக் கேட்டு நீ ஒன்றும் எழுத வேண்டாம், அவரிடம் சொன்னால் போதும், நான் கேட்டுத் தெரிந்துகொள்வேன்.

பத்து மணிக்கு நான் வீட்டில் இருக்க மாட்டேன். கீழே டெய்லர் அக்காவிடம் ரவிக்கை அளவு கொடுக்க வேண்டும் என்று இறங்கிவிடுவேன், பதினொன்றரைக்கு முன் மேலே வர மாட்டேன். அவர் குரல் தடுமாறினாலும், பேசாமல் இருந்தாலும் போனை வைத்துவிடாதே. அவருக்கு உன்னிடம் கோபம் வந்தால் வரட்டும், அப்போதும் வைக்காதே.

வேளாவேளைக்குச் சாப்பிடு, ஈரத் தலையோடு வெளியே போகாதே, வேலையில் பெயரெடு, நீ எங்கே இருந்தாலும் நோய்நொடி இல்லாமல் நிறைவாக இருக்க வேண்டும் என்றுதான் கோபத்திலும் நினைக்கிறேன். கடைசியாக ஒன்று. அந்த ஒற்றை அறையில் நீயும் தினம் இதே சோடா ரொட்டியைத்தான் சாப்பிடுகிறாய், உப்பும் போட்டு. நீ அவர் பெண், அவர் உடம்புதான் உனக்கும். நாளைக்கே போய் பிரஷர் பார்த்துக்கொண்டு, மேலே எவ்வளவு கீழே எவ்வளவு என்று இரண்டு எண்ணையும் எனக்கு அனுப்பு. நன்றாக இருக்கிறது என்று எழுதாதே, எண்ணை அனுப்பு.

ஆசிகளுடன்,
இன்னும் கோபம் ஆறாத
உன் அம்மா